நீக்க முடியாத மேனேஜர்

1

அக்கா வீட்டுக்காரர் இன்று காலை தட்டைத் தொடாமல் எழுந்ததில்தான் எனக்கு இந்தக் கதை கிடைத்தது. ஒரு ஆபீஸின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. "ரிட்டயரான மேனேஜரை நீக்கவே முடியலடா" என்றார். கதை எழுதுகிறவன் இருக்கிற வீட்டில் இப்படிப் பேசலாமா?

2

'மாலைச் சூரியன் ஆபீஸ் ஜன்னல் வழியே' (வேண்டாம். அங்கே ஜன்னலே கிடையாது.)

அந்த ஆபீஸில் எல்லோர் பெயரும் ஒரு கம்ப்யூட்டர் பதிவேட்டில் மரம்போல இருக்கிறது. மேனேஜர் கிளை, மற்றவர்கள் இலை. வாசல் கதவு, பிரிண்டர் எல்லாம் 'எல்டாப்' என்கிற முறைப்படி அதனிடம் கேட்கும்: "இவர் நம்ம ஆளா?" (முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும், பிறகு கேட்கும், கடைசியில் சொல்லிக்கொண்டு கிளம்பும். நான் படிக்கிற வகுப்பில் யாருக்கும் இந்தப் பழக்கம் இல்லை.)

மேனேஜர் ரிட்டயராகி மூன்று மாதம். பெயர் இருப்பதால் கதவு திறக்கிறது. கதவு திறப்பதால் தினமும் வருகிறார். வந்தவர் சும்மா இருப்பாரா? மீட்டிங் நடத்துகிறார்.

3

புது மேனேஜர் அம்மா நேற்றே சொல்லிவிட்டார்: "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அவர் பேர் போகணும். இல்லன்னா உங்க பேர் போகும்."

'கீழே ஆட்கள் இருக்கிறார்கள், நீக்க முடியாது' என்றது திரை. சரி என்று அத்தான் இன்று நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் புது அம்மாவின் கிளைக்கு மாற்றினார். நாற்பதாவது ஆள் அவரேதான். மாற்றிய பிறகுதான் உறைத்தது, நீக்கவும் திரும்ப மாற்றவும் அதிகாரம் பழைய கிளையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று.

(உட்கார்ந்த கிளையை வெட்டவில்லை. கீழே இறங்கிவிட்டு, அரிவாளை மேலேயே வைத்துவிட்டார்.)

4

மேலே மிச்சம் இருப்பது ஒரே ஆள், அந்தப் பழைய மேனேஜர். (என் முதல் வரைவில் இவர் கொடுங்கோலர். பேச ஆரம்பித்ததும் கெட்டுப்போனார்.)

"சார், ஒரு உதவி."

"சொல்லுப்பா."

"உங்களை நீங்களே நீக்கிடணும். என்னால முடியல."

"எந்த வேலையத்தான் நீ தனியா முடிச்சிருக்க? தள்ளு."

நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தார். 'நிச்சயமாகவா?' என்றது திரை. விரல் நின்றது.

"அப்ப நாளைக்குக் காலையில நான் எங்கப்பா போவேன்?"

அத்தானுக்கு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே பொய்யாக இருந்தன.

5

முடிவு அ: அழுத்துகிறார். நாளை எட்டரை மணிக்கு, திறக்காத கதவில் அட்டையைத் தேய்த்தபடி நிற்கும் ஒருவரை நான் எழுதவேண்டிவரும்.

முடிவு ஆ: அழுத்தாமல் எழுந்து போகிறார். அத்தான் பேர் போகும், அக்கா என்னை உயிரோடு விடமாட்டாள்.

மணி நாலு ஐம்பத்தெட்டு. இரண்டு பேரும் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன்.