வாற அந்தோனியார்

1

ஆண்டின் பெரும்பொழுதுகளை ஆறென வகுத்த பழந்தமிழ் இலக்கணம், கூதிர், முன்பனி, பின்பனி என்று குளிருக்குத் தாராளமாகவே இடம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அதை வகுத்தவர்கள் செயின்ற் லோறன்ஸ் ஆறு கல்லாகிக் கிடப்பதைக் கண்டவர்கள் அல்லர். மொன்றியலின் சனவரி நடுப்பகுதி அந்த மூன்றிலும் அடங்காது. அது பெயரிடப்படாத ஏழாம் பொழுது. முதலில் மணங்கள் போகின்றன. பின்பு ஒலிகள் போகின்றன. கதவைத் திறந்தவுடன் மூக்கினுள் இருக்கும் ஈரம் ஊசியாகிறது. இரவெல்லாம் விறைத்த மரம் ஒன்று நண்பகலில் தனக்குள்ளேயே வெடிக்கிறது. கூரைகளின் மேல் எழுந்த புகை, ஏறுவதா இறங்குவதா என்று தெளியாமல் நேர்குத்தாக நிற்கிறது. பெருந்துயர் ஒன்றைக் கேட்டபின் வாய்திறவாமல் இருப்பவர்கள்போல வீடுகள் இருக்கின்றன. ஆயினும் எத்துயரும் நிகழ்ந்திராது. வானம் மட்டும் மிகத் தெளிவாக இருக்கும், எதையோ கேட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திருப்பதுபோல.

இக்கதை அப்பொழுதில் எனக்குக் கிடைத்தது. நானாகப் புனைந்தது அன்று. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நேற்று, ஞாயிறு பூசைக்கு முன், கோயில் மண்டபத்தில் குளிர்ச்சட்டைகளைக் கொளுவும் இடத்தில், அஹுன்ட்சிக் பக்கம் குடியிருக்கும் கிறகரி என்பவர் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணை, நீங்கள் எழுதிற ஆள். ஆருக்கும் சொல்லாட்டில் எனக்கு மனம் ஆறாது."

பாதிதான் சொன்னார். பூசை மணி அடித்தது, உள்ளே போய்விட்டார். மீதியை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது இதன் கடைசிப் பகுதியில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் நான் சரியாக எழுதவில்லை.

2

முதல் தொடக்கம்:

"கொட்டிலின் இருளில், முன்விளக்கின்மேல் வெண்பனி முடிசூடியிருக்க, அந்த மோட்டார் சைக்கிள் ஒரு

(நிறுத்தினேன். ஒரு என்ன? புரவியா? துயிலும் தெய்வமா? உவமையின் பின்னே போனால் பொருளைக் கைவிட்டுவிடுவேன். அது பழைய, சிறிய, ஒற்றைச் சிலிண்டர் வண்டி. பொத்தானை அமுக்கி இயக்குவது அன்று. காலால் உதைத்து இயக்குவது. அவ்வளவே.)

அன்றியும், முடியிலிருந்து தொடங்கியது என் பிழை. இறைவனைப் பாடும் மரபு அடியிலிருந்து தொடங்கி முடிக்கு ஏறும். இது ஒரு காலைப் பற்றிய கதை. ஆகவே அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாம் தொடக்கம்:

கிறகரியின் மகள் றொஷினி. வயது இருபத்தேழு. சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஒக்ரோபரில் ஒரு மாலை, வேலை முடிந்து திரும்புகையில், நனைந்த மேப்பிள் இலைகளில் அவளுடைய வண்டியின் சக்கரம் வழுக்கியது. வலக்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. காலை எடுக்கவேண்டியும் வரலாம் என்று மருத்துவர் சொன்னபோது, ஆஸ்பத்திரி நடைகூடத்தில் நின்றபடியே அவளுடைய தாய் திரேசம்மா வாய்விட்டு ஒரு நேர்த்திக்கடன் வைத்தாள்:

"அந்தோனியாரே, என்ரை பிள்ளையின்ரை காலைக் காப்பாத்தித் தாரும். வாற அந்தோனியார் திருநாளுக்கு அவள் அந்தக் காலாலையே தன்ரை மோட்டசைக்கிளை உதைச்சு ஸ்ராட் பண்ணுவாள். அதிலை நிண்டு உமக்கு நன்றி சொல்லுவம்."

கால் தப்பியது. உள்ளே ஒரு கம்பியோடுதான், ஆயினும் தப்பியது.

திரேசம்மா மனத்தில் வைத்திருந்தது யூன் பதின்மூன்று. குழந்தை இயேசுவை ஏந்தி நிற்பவர், தொலைந்ததைத் தேடித் தருபவர், பதுவை அந்தோனியார். யாழ்ப்பாணத்தில் பிறந்த அவளுக்கு அந்தோனியார் என்றால் அவர் ஒருவரே. அதற்குள் எலும்பு பொருந்திவிடும், பனி கரைந்துவிடும் என்பது அவள் எண்ணம். ஆனால் திருச்சபை இன்னோர் அந்தோனியாரையும் அறியும்.

3

சனவரி பதினேழு, சனிக்கிழமை காலை. பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்த திரேசம்மா, குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த பங்குக் கலண்டரைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"இண்டைக்கு அந்தோனியார்."

"அவர் யூனிலை எல்லே?"

"இது மற்றவர். வனத்து அந்தோனியார். எகிப்திலை பாலைவனத்திலை தவம் இருந்தவர். படத்திலை பக்கத்திலை ஒரு பண்டி நிக்கும்."

"அப்ப நீர் கும்பிட்டது இவரை இல்லை. பண்டிக்காரருக்கும் எங்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?"

"நான் பதுவை எண்டு சொல்லேல்லையே. 'வாற அந்தோனியார்' எண்டெல்லே சொல்லிப்போட்டன்."

"வாறது எண்டால் எப்பவோ வாறதுதானே, திரேசு."

"ஆஸ்பத்திரியிலை 'வாற செவ்வாய் ஸ்கானுக்கு வாங்கோ' எண்டவை. நாங்கள் என்ன, யூன் மாசத்துச் செவ்வாய்க்கே போகப்போறம்?"

எலும்பு பொருந்திவிட்டதா, மறுபடியும் வெட்டவேண்டுமா என்று தெரியப்போவது அந்தச் செவ்வாயில்தான். நேர்த்தி தவறிய வீட்டுக்கு அந்தச் செவ்வாய் எப்படி விடியும்? அவள் முகத்தில் இருந்த கேள்வி அது ஒன்றே.

"பங்குச் சுவாமியிட்டை ஒருக்காக் கேட்பமே?" என்றார் கிறகரி.

"சுவாமி என்ன சொல்லுவார்? ஆண்டவர் நாள் பாக்கிறவர் இல்லை எண்டுவார். அது எனக்கும் தெரியும். ஆனால் சொன்னது என்ரை வாய். ஆண்டவர் விட்டாலும் வாய் விடுதே?"

(அடிக்குறிப்பு: 'வாற', அதாவது 'வருகிற' என்பது நிகழ்காலப் பெயரெச்சம். இன்னும் வராத ஒன்றை, இதோ வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும் துணிவு நம் மொழிக்கு உண்டு. செபம் செய்கிறவர்கள் அந்த எச்சத்தின்மேல்தான் நிற்கிறார்கள். திரேசம்மா இலக்கணம் கற்றவள் அல்லள். எனினும் அதை என்னைவிடக் கண்டிப்பாகக் கையாண்டாள்.)

4

இங்கே மகள் வரவேண்டும். முதல் வரைவில் அவளை நம்பிக்கையற்றவளாக எழுதினேன். தாயின் நேர்த்தியைக் கேட்டு எள்ளி நகைப்பவளாக, பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துத் தன் அறைக்குள் போய்விடுபவளாக. இந்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளை அப்படி எழுதுவது மிக எளிது. ஒரு பக்கம் எழுதியபின் எனக்கே வெட்கமாயிற்று; முழுவதையும் வெட்டினேன். அவள் சிரித்தது உண்மை என்று கிறகரி சொன்னார். எள்ளிச் சிரித்ததாகச் சொல்லவில்லை.

"பென் வொயோன், நல்ல கதைதான், அம்மா! மைனஸ் இருபத்திநாலு. இண்டைக்கு எனக்கே ஸ்ராட் வரேல்லை, அதுக்கெப்பிடி வரும்?" ஊன்றுகோலைச் சமையலறைக் கதவில் சாத்தினாள். "என்ரை காலை வைச்சு நேர்த்தி வைக்கேக்கை என்னட்டையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"நீ அப்ப மயக்கத்திலை எல்லே கிடந்தனீ."

"சரி. அந்தப் பூட்ஸை எடுத்துத் தாங்கோ."

"விசர்க்கதை கதையாதை, பிள்ளை," என்றார் கிறகரி. "எண்ணெய் தேன் மாதிரி இறுகிக் கிடக்கும். கிக்கர் திருப்பி அடிச்சுதெண்டால் உள்ளை இருக்கிற கம்பியே வளைஞ்சுபோம்."

"அப்பா, மூண்டு மாசம் அம்மா இந்தக் காலைக் கழுவித் துடைச்சவ. நான் ஒருக்கா உதைக்கிறன். ஒருக்காத்தான்."

(அந்த 'ஒருக்கா' நான் சேர்த்த சொல் அன்று. அதைச் சொன்னபோது கிறகரியின் குரல் தாழ்ந்தது.)

5

இனி வருவதைச் சொல்வதற்குமுன் கிறகரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் அவர் தனியே கொட்டிலுக்குப் போய், வண்டியின் பிளக்கைக் கழற்றி, துளையைத் துணியால் அடைத்துவிட்டு வந்திருந்தார். விரலளவான சிறு பொருள் அது. அதன் நுனியில் பொறி எழாவிட்டால் எத்தனை உதை உதைத்தாலும் வீண். வசந்தத்தில் மகள் உதைத்துப் பார்ப்பாள், அலுத்துப்போய் வண்டி ஓட்டுவதையே கைவிடுவாள் என்று நினைத்தார். அவள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியாததன்று. அச்சம் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை. ஆறு கிழமையாகப் பிளக் அவருடைய குளிர்ச்சட்டையின் உட்பையில், செபமாலையோடு கிடந்தது. பஸ்ஸிலும் பூசையிலும் அவர் கை அதைப் பற்றியபடியே இருந்தது.

மூவரும் வீட்டின் பின்வழியால் நடந்தார்கள். காலடியில் பனி கண்ணாடித் தூள்போல முனகியது. திரேசம்மாவின் கையில் ஒரு மெழுகுதிரியும் பதுவையாரின் படமும்.

"இண்டைக்கு மற்றவரின்ரை நாள் எல்லே? இவரைக் கொண்டுபோனால் அவர் கோவிக்கமாட்டாரே?" என்றாள் றொஷினி.

"வனத்தாருக்கு வீட்டிலை படம் இல்லை. ரெண்டுபேரும் ஒரே இடத்திலைதானே இருக்கினம். இவர் சொல்லிவிடுவார்."

கொட்டிலின் கதவை இழுத்துத் திறந்தார்கள். றொஷினி ஊன்றுகோலைத் தாயிடம் கொடுத்துவிட்டு, வண்டியின் பெற்றோல் தாங்கியில் கையை வைத்துக் குனிந்து பார்த்தாள். வயர் ஒன்று தொடுப்பின்றித் தொங்கியது.

"பிளக் எங்கை?"

(இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். கிறகரியும் நின்றிருப்பார். பிளக் இல்லாத எந்திரத்தில் காற்று அடைபடாது. உதைமிதி தடையின்றி இறங்கும். அந்தக் காலுக்கு ஒரு கேடும் வராது. கள்ளர் எடுத்துப்போய்விட்டார்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகள் சும்மா ஒரு முறை உதைத்திருப்பாள். எல்லாரும் வீட்டுக்குள் போய்த் தேநீர் குடித்திருப்பார்கள்.)

"ஸ்ராட் வராட்டிலும் உதைச்சால் காணும்தானே, அது போதாதே?" என்று மட்டும் கேட்டுப் பார்த்தார்.

"ஸ்ராட் பண்ணுவாள் எண்டுதான் சொன்னனான்," என்றாள் திரேசம்மா. மெழுகுதிரியைக் கொளுத்திக் கொட்டில் வாசலில் வைத்தாள்.

கிறகரி கையை உட்பைக்குள் விட்டு எடுத்தார். உள்ளங்கையில் பிளக் இருந்தது. அதைச் சுற்றிச் செபமாலையின் பத்துமணிக் கோவை ஒன்று சிக்கியிருந்தது.

றொஷினி மணிகளைப் பிரித்து எடுத்துவிட்டு, பிளக்கைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சூடா இருக்கு," என்றாள். "குளிருக்கை ஸ்ராட் பண்ணிறதெண்டால் பிளக்கைச் சட்டியிலை போட்டுச் சூடாக்கிறவை, அப்பா. நீங்கள் ஏற்கெனவே செய்து வைச்சிருக்கிறியள். எவ்வளவு நாளாய்?"

"ஆறு கிழமை."

"கள்ளன்," என்றாள் திரேசம்மா. பிறகு கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். "தொலைஞ்சதை எடுத்துத் தந்திட்டார், பாத்தியளே? இப்ப ரெண்டு அந்தோனியாரும் வந்திட்டினம்."

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் முதல் உதையிலேயே எந்திரம் முழங்கியது. புகை தூபம்போல எழுந்தது. மூன்று வரியில் அடித்துவிட்டேன். அவ்வளவு எளிதாக அருளப்படும் அருளை நான் அறியேன். என் வாசகர்களும் அறியார்.

இரண்டாவது: "உதைமிதி பின்னோக்கி எகிறிற்று, றொஷினியின்

(இதை முடிக்க மாட்டேன். எழுதுகிறவனுக்கும் அச்சம் உண்டு. ஒரு தாய் நேர்த்தி வைத்துக் காத்த காலை என் பேனா முறிக்காது.)

மூன்றாவது கிறகரி சொன்னது. மணி அடிக்கும்வரை சொன்னது.

அவர் முதலில் பிளக்கைப் பூட்டவில்லை. மண்டியிட்டு, உதைமிதியைக் கையால் முப்பது முறை மெல்ல அமுக்கி, இறுகிய எண்ணெயை இளக்கினார். அதற்குள் ஆறிவிடாதபடி றொஷினி பிளக்கைத் தன் கையுறைக்குள் பொத்தி வைத்திருந்தாள். பின்பு அதை வாங்கிப் பூட்டினார். வயரைத் தொடுத்தார்.

"இப்ப காலை வை. வைச்சால் காணும். அமத்தாதை. நான் அமத்திறன்."

"அப்ப ஆர் உதைக்கிறது?"

"உன்ரை கால்தான் உதைக்கும். பாரம் மட்டும் என்ரை."

இருவரும் திரேசம்மாவைப் பார்த்தார்கள். நேர்த்தி அவளுடையது, இது செல்லுமா செல்லாதா என்பதை அவள்தான் சொல்லவேண்டும். அவள் படத்தையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. கணவருடைய கைகளைப் பார்த்தாள்.

"காணும்," என்றாள்.

வாசகரே, இங்கேதான் நிறுத்துகிறேன். எந்திரம் இயங்கியதா என்று கிறகரிக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. குளிர்ச்சட்டையைக் கொளுவ அவர் கையை உயர்த்தியபோது இரண்டு உள்ளங்கைகளும் தெரிந்தன. உறைந்த இரும்பில் ஒட்டித் தோல் உரிந்திருந்தது. அதைக் கண்டபின் எனக்குக் கேட்க வாய் வரவில்லை. இன்று திங்கள். அந்தச் செவ்வாய் இன்னும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும்போது அது வந்து போயிருக்கும். ஆகவே முடிவை என்னைவிட நீங்களே அறியத்தக்கவர்கள். அதை உங்களிடம் தருகிறேன். சூடு ஆறுமுன் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னிடம் எஞ்சியிருப்பது இவ்வளவே:

கொட்டிலின் வாசலில் ஒரு மெழுகுதிரி. காற்றில்லாத குளிரில் அதன் சுடர் அசையவில்லை. றொஷினி வலக்காலை உதைமிதியின்மேல் வைத்திருக்கிறாள். ஒரு கை தாயின் தோளில். கிறகரி கையுறைகளைக் கழற்றிவிட்டுப் பனியில் முழங்காலூன்றி, மகளுடைய பூட்ஸோடு சேர்த்து அந்த இரும்பையும் இரு கைகளாலும் பொத்திப் பிடிக்கிறார். தம் முழுப் பாரத்தையும் கைகளுக்குக் கொடுப்பதற்காக முன்னே சாய்கிறார். அப்படிச் சாயும்போது அவர் நெற்றி அவள் பாதத்தில் படுகிறது. எடுக்கவில்லை.

திரேசம்மா குனிந்து, வண்டியின் முன்விளக்கிலும், மகளின் முழங்காலிலும், கணவரின் தலையிலும் பெருவிரலால் சிலுவை வரைகிறாள்.

"வாற நாளெல்லாம் ஆண்டவர் உங்களோடை நிக்கட்டும்."