வாபஸ் வாங்கிய வெடிப்பு

இடது கையால் பொலெந்தா என்கிற மக்காச்சோளக் களியைக் கிளறிக்கொண்டே, ஆயிரத்து இருநூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் செத்துப்போன நட்சத்திரம் ஒன்றை வலது கையால் பிடித்து உலகத்துக்குக் காட்டியவன் நான். பதினோரே நிமிடத்தில். களியில் ஒரு கட்டிகூட விழவில்லை.

ஏரிக்கரை ஊரான எங்கள் லெக்கோவின் காப்பிக்கடையில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். பலமாகச் சிரிப்பவன் ஒரெஸ்தே. ஆய்வகத்தில் முப்பது வருடம் என் பக்கத்து மேசைக்காரன். என் மகளுக்கு ஞானத்தகப்பன். “உன் வெடிப்பு நடக்கவே இல்லடா” என்று அவன் சொல்லாத வாரம் இருந்ததில்லை.

எங்கள் வேலை இதுதான். வானத்தில் காமா கதிர் பளிச்சிட்டால் விண்வெளித் தொலைநோக்கி தானாக அந்தப் பக்கம் திரும்பும். அன்றைய முறைக்காரனின் போன் அலறும். வெடிப்பு நிஜமா பொய்யா என்று அவன்தான் சொல்ல வேண்டும். நிஜமென்றால் உலகத்துக்கே சுற்றறிக்கை, அதில் முதல் பெயர் அவனுடையது. மற்ற தொலைநோக்கிகளும் உடனே திரும்பும். சில மணி நேரத்தில் அந்த ஒளி மங்கிவிடும். பிறகு அழுது புரண்டாலும் வராது. முறை நாளில் சாப்பாட்டோடு வைன் குடிக்கக் கூடாது என்பது தனிக் கொடுமை.

அது சுமார் இருபது வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி மாத ஞாயிறு, மதியம் பன்னிரண்டரை. போன் அலறிய அலறலில் கீழே ஏரியில் மீன்கள் மல்லாந்தன. கதிர் ஏறி இறங்கிய வரைபடத்தில் இரண்டு திமில், மொத்தம் நாற்பது விநாடி. மங்கல்தான். ஆனாலும் எனக்குச் சந்தேகமில்லை. 12:41க்குச் சுற்றறிக்கை போய்விட்டது.

12:50க்கு ஒரெஸ்தே கூப்பிட்டான்.

“எர்மான்னோ, என்னடா பண்ணி வச்சிருக்கே?”

“வெடிப்பு. என் பேர்ல. தொப்பியக் கழட்டு.”

“அந்த நேரத்துல தொலைநோக்கி வழிகாட்டி நட்சத்திரங்களத் தவறவிட்டிருக்கு. ஏற்கெனவே தெரிஞ்ச நட்சத்திரம் ஒண்ணு இடம் மாறிப் புதுசு மாதிரி தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.”

“ரெண்டு திமில் இருக்கேடா.”

“ஒட்டகத்துக்கும்தான் ரெண்டு திமில் இருக்கு. அது வெடிக்குதா? ஊர் சிரிக்கிறதுக்கு முன்னாடி வாபஸ் வாங்கிடுவோம். நானே எழுதறேன். உன் பேர் கெடக் கூடாது.”

அவனுக்கு நன்றி சொல்லும்போது என் கண் கலங்கியது. 13:04க்கு வாபஸ். திரும்பிய தொலைநோக்கிகளெல்லாம் தங்கள் பழைய வேலைக்குப் போய்விட்டன. எனக்கு ‘களிவெடி’ என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வருடம் ஒரெஸ்தேயின் கட்டுரை வந்தது. வானத்தின் அதே மூலையில், அதே நாளில், ஆயிரத்து இருநூறு கோடி ஒளியாண்டு தூரத்தில் மங்கிக்கொண்டிருந்த ஓர் ஒளியை வேறொரு விண்வெளித் தொலைநோக்கி தற்செயலாகப் பார்த்ததாம். நேரே போய்க் கேட்டேன்.

“அன்னிக்குச் சாயங்காலமாத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. பாக்கச் சொல்லிக் கேட்டேன், தற்செயலா ஒண்ணு கெடச்சுது. அது உன்னோடதுன்னு யாரு சொன்னா? வேற ஏதாவதா இருக்கும்.”

நம்பினேன். ஞானஸ்நானத்துக்கு என் பிள்ளையைத் தூக்கிப் பிடித்த கை அல்லவா.

போன நவம்பரில் ஒரு வாரம் விடாத மழை. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? அந்த இன்னொரு தொலைநோக்கிக்கு யார் யார் எப்போது விண்ணப்பித்தார்கள் என்ற பழைய பட்டியலைத் துழாவினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்தொன்பது வருடமாக நான்தான் பார்க்கவில்லை. ஒரெஸ்தேயின் விண்ணப்பம் இருந்தது. இடம், என் சுற்றறிக்கையில் இருந்த அதே எண்கள். காரணம்: ‘வெடிப்பு. மிக அவசரம்.’ அதன் நேரத்தைப் பார்த்தேன். என்னைக் கூப்பிடுவதற்கு நான்கு நிமிடம் முன்னால்.

அன்று நான் சாப்பிடவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதையும் நம்ப மாட்டார்கள்.

மறுநாள் காப்பிக்கடையில் தாளை அவன் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான்.

“இது உலக நேரம்டா. ஒரு மணி நேரம் கூட்டிக்கணும்.”

“கூட்டித்தான் பன்னெண்டு நாப்பத்தாறு.”

ஒரெஸ்தே மறுபடி படித்தான். கோப்பையைத் தள்ளி வைத்தான்.

“வழிகாட்டி நட்சத்திரம் தவறினது?” என்று கேட்டேன்.

“தவறல.”

“ஏன்டா?”

“அந்த மங்கலப் பாத்தே ரொம்பத் தூரம்னு புரிஞ்சுது. அவ்வளவு தூரத்துல ஒண்ணு என் முறையில வந்ததே இல்ல, எர்மான்னோ. உனக்கு அடுப்படியில வந்து விழுந்துச்சு.”

“இப்பவாவது சொல்லு. நடந்துச்சா இல்லையா?”

பக்கத்து மேசைக்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், பிறகு என்னை.

“நடந்துச்சு. உன் சுற்றறிக்கையப் பாத்த நிமிஷமே எனக்குத் தெரியும்.”