மணல்மேட்டில் காளான் கிடையாது

எஸ்டோனியாவில் செப்டம்பர் மாதப் போர்ப் பயிற்சி. அதில் எங்கள் நால்வருக்கும் எதிரி வேடம். வாரநாட்களில் நான் வங்கியில் கணினி பார்ப்பவள். மற்ற மூவரும் அதே ரகம். காட்டில் ஒளிந்திருக்கும் எங்கள் ராணுவத்தின் தலைமையிடத்தை இணையத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் எங்கள் தன்னார்வ அணியையே கலைத்துவிடுவதாக அந்தத் தலைமையிடத்தின் பொறுப்பாளர் மேஜர் கவுப்போ சொல்லியிருந்தார்.

“பசங்க போனையெல்லாம் பெட்டியில போட்டுப் பூட்டிட்டேன். நாற்காலியில உக்காந்தே சண்டை போடுறவங்க இப்ப என்ன பண்றீங்கன்னு பாக்குறேன்” என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் வரை ஒன்றும் சிக்கவில்லை. பிறகுதான் எங்கள் அணியின் தார்மோ, பயிற்சி நடக்கும் வட்டாரத்தில் ஒரு கிராமத்து இணையக் குழுவைக் காட்டினான். எண்டெல் என்ற பெரியவர் அதில் பொருமியிருந்தார்: “என்னோட எடத்துல எவனோ காளான ஒண்ணு விடாம அறுத்துட்டுப் போயிட்டான்.” படத்தில் அறுபட்ட தண்டுகள். பக்கத்தில் பாசி வட்டமாகக் குழிந்திருந்தது.

“கூடை வச்ச தடம் இப்படியாடா இருக்கும்?” என்றேன்.

அவன் படத்தைப் பெரிதாக்கினான். “ஹெல்மெட்டு, இம்பி. ஹெல்மெட்டுல பொறுக்கியிருக்கானுங்க.”

சரி, எந்தக் காடு? எஸ்டோனியாக்காரன் உயிரே போனாலும் தன் காளான் இடத்தைச் சொல்லமாட்டான். பெற்ற மகளுக்கே சொல்லாத அப்பா எனக்கு வாய்த்திருக்கிறார். அந்தக் கிராமத்தைச் சுற்றி மூன்று காடுகள். என் பெயரிலேயே குழுவில் கேட்டேன்: ஞாயிற்றுக்கிழமை வரலாமென்று இருக்கிறேன், சதுப்புப் பக்கம் காளான் உண்டா?

“தாராளமா வாம்மா. பெரிய கூடையாவே கொண்டா.”

ஏரிக்கரையில்?

“அங்கயும் போய்ப் பாரேன்.”

மணல்மேட்டுப் பைன் காட்டில்?

மனிதர் நொடியில் பதில் போட்டார். “அங்க ஒண்ணுமே மொளைக்காது. வெறும் உண்ணிதான். கால்ல ஏறிடும், போகாத.”

“இருக்குற எடத்துக்கு எவன் இன்னொருத்தனக் கூப்பிடுவான்?” என்று தார்மோ விழுந்து விழுந்து சிரித்தான். நான் வரைபடத்தில் மணல்மேட்டைக் குறித்துப் பயிற்சி நடுவர்களுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் நடுவர்களோடு நாங்களும் போனோம். உருமறைப்பு வலைக்கு அடியில் கூடாரம். உள்ளே வெங்காயமும் காளானும் வதங்கும் வாசனை. கரண்டி பிடித்திருந்தவர் மேஜரேதான். போன் பெட்டியின் சாவி அவர் கழுத்தில் தொங்கியது.

“எவன் காட்டிக்கொடுத்தான்?”

“நீங்கதான் மேஜர். ஹெல்மெட்டப் பாசியில வச்சீங்களே.”

அவர் கோபப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, எப்படி, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். “இத எங்க பசங்களுக்கும் சொல்லிக் கொடுங்க. அணி இருக்கட்டும்” என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

“அறிக்கை தலைநகருக்குப் போகும், இம்பி. எத்தனை பேரு படிப்பானுங்களோ. கூடாரம் இருந்த எடத்தப் போட்டுக்க. அறுத்த எடத்த மட்டும் போட்டுடாத.”

“அங்க என்ன இருக்கு மேஜர்?” என்றேன். “வெறும் உண்ணிதான்.”