பசையக்காவின் கை

மூச்சை அடக்கிக்கொண்டுதான் அவள் பூவை ஒட்டுவாள். மூச்சு பட்டால் இதழ் பறந்துவிடும். காட்டிலிருந்து வந்து, தாள்களுக்கிடையே நசுங்கி, சருகாகக் காய்ந்திருந்த அந்த ஊதாப் பூவின் கடைசி இதழைத் தூக்கிய இடுக்கி, பல்லைப் போலத் தந்தியடித்தது.

"குளிருறது பூவுக்கா, உனக்கா அக்கா?" என்றான் காட்டான்.

மரத்தடிகளில் மண்டிபோட்டுக் காட்டுப் பூக்களை வேரோடு எடுத்து வருவது அவன் வேலை. உலர்தாவரக் காப்பகத்தில் அதற்கு வைத்திருந்த பதவிப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் காட்டான் ஆகிவிட்டான். அந்தப் பூக்களைத் தாளில் ஒட்டுகிறவள் பசையக்கா.

"வாயை மூடிட்டு அந்தக் காம்பைப் பிடிடா."

பிடித்தான். கோடையிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. அவன் பிடிப்பான், அவள் ஒட்டுவாள். அவள் கை நடுங்குவது கண்காணிப்பாளர் காதுக்குப் போனால் அவளுடைய தற்காலிக வேலையின் சீட்டு கிழிந்துவிடும். வீட்டில் சம்பாதிக்கிற கை அது ஒன்றுதான். கணவனுக்குக் கை நன்றாகத்தான் இருந்தது, கால்தான் கட்டிலைவிட்டு இறங்குவதில்லை.

புதுப் பூ வராத நாட்களில் அவளுக்குப் பழைய தாள்கள். யாரோ எந்தக் காலத்திலோ ஒட்டியவற்றைச் சுரண்டியெடுத்துப் புதுத் தாளுக்கு மாற்ற வேண்டும். இலைமேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடியை வாயால் ஊதிவிட்டு வேலையை ஆரம்பிப்பாள்.

ஒருநாள் முகமூடி போட்ட ஒருவர் வந்து, பழைய தாள்கள்மீது ஏதோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு கண்காணிப்பாளர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் பூக்களுக்குப் பாதரச விஷம் பூசியிருக்கிறார்கள். ஆகவே, பார்வையிட வரும் ஆராய்ச்சியாளர்களுக்கு இனிமேல் கையுறை கொடுக்கப்படும்.

பசையக்காவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கை ஏன் ஆடுகிறது என்று டாக்டருக்கே பிடிபடாதது பிடிபட்டுவிட்டது.

"சார், அந்தப் பொடியைத்தான் சார் நான் தினமும் ஊதித் தள்ளுறேன். அதான் கை இப்படி ஆடுது, பாருங்க." இத்தனை நாள் முந்தானைக்குள் வைத்திருந்ததை எடுத்து எல்லார் முன்னாலும் நீட்டினாள்.

கண்காணிப்பாளர் பார்த்தார்.

"இது எப்பத்துலேர்ந்து?"

"கோடையிலேர்ந்து சார்."

"இந்தக் கையை வச்சுக்கிட்டா பூவையெல்லாம் தொட்டுட்டிருந்தீங்க? ஒரு இதழ் உடைஞ்சா திரும்ப வருமாம்மா?"

"சார், கையைக் கெடுத்ததே அந்தப் பூதான்னு அக்கா சொல்லுது," என்றான் காட்டான்.

"பூ என்னய்யா பண்ணும்? டீயைக் குறைக்கச் சொல்லு."

சாயங்காலம் கடைசித் தடவையாக மேசையைத் துடைத்துவிட்டு, அலமாரிச் சாவிக்கொத்தை ஒப்படைக்கப் போனாள். நீட்டிய கையில் கொத்து கிலுகிலுத்தது.

"இருங்கம்மா," என்றார் கண்காணிப்பாளர். இழுப்பறையைத் திறந்து, புதுப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு கையிலும் கையுறையை மாட்டி, விரல் விரலாக இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டார்.