கண்ணகியின் தகப்பன்

செல்லம்மாவுக்கு மானம் போவது புதிதல்ல. பத்து வருஷத்துக்கு முன்னால் வயிறு தெரிந்த அன்றைக்கே மாமல்லபுரத்துப் பக்கம் அவள் ஊரில் பாதி போய்விட்டது. மீதியை இன்றைக்குச் செங்கல்பட்டில் ஒரு மேஜைக்கு முன்னால் நின்று கொடுக்க வேண்டியிருந்தது.

அரிசனப் பெண்களுக்கான இலவச விடுதி அது. மகள் கண்ணகி அஞ்சாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். இங்கே இடம் கிடைத்தால் மேலே படிப்பாள். இல்லாவிட்டால் அம்மாவோடு நாற்று நட வேண்டியதுதான். மனுக் கொடுக்க இன்றே கடைசி நாள்.

குமாஸ்தா சாரங்கபாணி மனுவைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். செம்பட்டை முடி, பூனைக்கண், சுண்டினால் சிவக்கும் தோல்.

"இதைச் சேரிப் பொண்ணுன்னா யார் நம்புவா? ஆங்கிலோ இந்தியன் சட்டைக்காரா ஆத்துக் குழந்தையாட்டம்னா இருக்கு! தகப்பன் யாரு?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ரயில் டிரைவருங்க சாமி. ஆல்பர்ட்டுன்னு பேரு. அவுரு வூட்ல சமைச்சிகினு இருந்தேன்."

"கல்யாணம்?"

"இல்லீங்க."

கட்டிக்கிறேன் என்று சொன்னவன்தான். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிற வரைக்கும் சொன்னான், பாவி. ஆசையாகவும்தான் இருந்தான். அதை மனுவில் எங்கே எழுதுவது?

"தகப்பன் சட்டைக்காரன்னா குழந்தையும் சட்டைக்காரிதான். அவா பள்ளிக்கூடத்துக்குப் போ."

"போனேன் சாமி. மோதிரம் மாத்துன கல்யாணக் கடுதாசி கீதான்னு கேட்டாங்க, இல்லாங்காட்டி எங்க புள்ள இல்லன்ட்டாங்க. எங்க சேரில ஏசினாலும் நம்ம புள்ளதான்றாங்க."

சாரங்கபாணி கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்தினார்.

"தகப்பன் யாருன்னே தெரியாதுன்னு எழுதிக் கொடு. அப்போ தாயார் ஜாதிதான் குழந்தைக்கு. எடம் கெடைச்சுடும்."

தெரியாது என்றால் எத்தனை பேரோ என்றுதானே அர்த்தம்? வாழ்நாளில் ஒருத்தனைத் தவிர வேறு யாரையும் தொடாதவள் செல்லம்மா.

"எழுதுங்க சாமி."

எழுதினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்க வேண்டும். அவருக்கே வாய் வரவில்லை. காகிதத்தைக் கண்ணகியிடம் நீட்டி, "நீயே படிச்சுக் காட்டும்மா" என்றார்.

முதல் மாணவி அல்லவா, நிறுத்தித் தெளிவாக, பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி படித்தாள். "என் மகள் கண்ணகியின் தகப்பன் யாரென்று எனக்குத் தெரியாது."

படித்து முடித்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது.

"யம்மா, ஆல்பர்ட்டுன்னு சொன்னியே. ஒன்ன கடலாண்ட இட்டுகினு போவாருன்னு சொன்னியே. அதெல்லாம் பொய்யா?"

சாரங்கபாணி மைப் பெட்டியை நீட்டியபடி நின்றுவிட்டார்.

செல்லம்மா மகளின் முகத்தைப் பார்க்காமல் கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

"பொய்தான், கண்ணு. எவன்னு எனக்கே தெரியாது."