பாயோரத்தில் யார் பேச்சு

அமெரிக்காவில் டாவன்போர்ட் என்ற ஊரில் கோர்டன் டெஸ்கியும் அவன் மனைவி மாரீனும் ஒரே கிளினிக்கில், முதுகெலும்பைக் கையால் நீவிச் சரிசெய்யும் கைரோபிராக்டர்களாக இருந்தார்கள். முதுகும் கழுத்தும் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அவனிடம் போவார்கள், பாதிப் பேர் அவளிடம். அதில் ஒரு சச்சரவும் இல்லை. விளையாட்டு வீரர்களைப் பார்ப்பதற்கான தனிச் சான்றிதழுக்கு இருவரும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்தே தேர்வும் எழுதினார்கள். அவள் மட்டும் தேறியதில்தான் வினை வந்தது.

சான்றிதழை அவனேதான் ஆணி அடித்து மாட்டினான்.

“கொஞ்சம் கோணலா இருக்கே” என்றாள் மாரீன்.

“வர்றவங்க உன்னைப் பாக்கத்தானே வர்றாங்க. சுவத்தையா பாக்கப் போறாங்க?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து நோயாளிகள் அவள் அறைக் கதவைத் தட்டும்போதெல்லாம் அவன் தன் அறையிலிருந்தபடி கணக்கு வைத்துக்கொண்டான்.

கல்லூரி மல்யுத்தப் பயிற்சியாளர் லானி காஸ்பர், கோர்டனின் நெடுநாள் சிநேகிதன். போட்டியின்போது பாயோரத்தில் சான்றிதழ் பெற்றவர்தான் நிற்க வேண்டும் என்று கல்லூரி சொல்லிவிட்டதால், லானி மாரீனைக் கூப்பிட்டான். ஜனவரியில் நடந்த போட்டிக்கு அவள் கழுத்தில் அடையாள அட்டையோடு போனாள். கோர்டன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

லானியின் அணியில் பிரென்னா என்ற பெண்ணின் சுற்று. எதிராளி தூக்கிப் போட்டதில் அவள் பின்மண்டை பாயில் மோதியது. எழுந்து சிரித்தாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்த, மாரீன் ஓடிப்போய் மண்டியிட்டாள்.

“டிசம்பர்லேருந்து மாசத்தைத் தலைகீழாச் சொல்லும்மா.”

“டிசம்பர், நவம்பர்... ஆகஸ்ட்...” பிரென்னா நிறுத்திவிட்டு விளக்குகளைப் பார்த்தாள்.

“போதும். இன்னைக்கு உனக்கு ஆட்டம் இல்ல.”

லானிக்கு முகம் சிவந்தது. கோப்பையே இந்தச் சுற்றில்தான் இருந்தது. “கோர்டன், நீ வந்து பாருடா. உன் கை பாக்காத கழுத்தா?”

எத்தனையோ மாதம் கழித்து அவனை ஒருவன் அப்படிக் கூப்பிடுகிறான். கோர்டன் போய் பிரென்னாவின் கண்களைப் பார்த்தான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னான். அவள் தள்ளாடியது அவனுக்குத் தெளிவாகவே தெரிந்தது.

“எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல, லானி. லேசாத் தட்டியிருக்கு, அவ்வளவுதான்.”

மாரீன் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நடுவரிடம், “இவளை விலக்கிட்டேன்” என்றாள். நடுவர் மாரீனின் அட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். கோர்டன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கோப்பை போயிற்று. கொஞ்ச நேரத்தில் உடைமாற்றும் அறையில் பிரென்னா வாந்தியெடுத்தாள். எந்த ஊரில் இருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. இன்னொரு அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று லானிக்கும் விளங்கியது. மாரீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். அதைப் பார்த்தபோது கோர்டனுக்குள் முதலில் எழுந்தது, அவள் சொன்னதே சரியாகிவிட்டதே என்ற ஏமாற்றம்தான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

காரை மாரீன் ஓட்டினாள். ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகு கேட்டாள்: “அவ தள்ளாடினதை நீ பாத்தியா இல்லையா?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன்?”

“நீ முதல்ல சொல்லிட்டே. அதான்.”

அவள் காரை வீட்டு வாசலில் நிறுத்தினாள். இறங்கும்போது, “லானிகிட்ட இதை நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்” என்றாள்.

திங்கட்கிழமை கோர்டன் போனான். மருத்துவமனையிலிருந்து பிரென்னா திரும்பிவிட்டாள், தேறிவருகிறாள் என்று தெரிந்துகொண்ட பிறகு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். லானி பாய்களைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

“அடுத்த போட்டிக்கு மாரீனை வரச் சொல்லு” என்றான் கடைசியில். “அவங்க மட்டும் வந்தாப் போதும்.”

அந்த ‘மட்டும்’ கோர்டனைச் சுட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்து, லானி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மாரீனிடம் சொன்னான்.