மீன் வாத்தியாரின் மாணவி

பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டும் போகாத பைத்தியக்காரி என்று சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்குப் பெயர். போகாததற்குக் காரணம் ஒரே ஆள்தான். அவரை எல்லோரும் மீன் வாத்தியார் என்பார்கள்.

மீனின் காதுக்குள் இருக்கும் நுண்ணிய செல்கள் செத்தாலும் திரும்ப முளைக்கும். மனுஷக் காதில் முளைக்காது. ஏன் என்று தேடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுக்கோ அது வெறும் ஆராய்ச்சி இல்லை. தகடு அடிக்கும் பட்டறையில் காலம் தள்ளியே அவள் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது.

முடிவெடுக்க முடியாமல் தவித்தபோது வாத்தியாருக்கே போன் போட்டாள்.

"அங்க போனா நீ கூட்டத்துல ஒருத்தி. இங்க வா. பட்டம் வாங்குற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறேன். நான் சொல்றேன்ல?"

நம்பினாள். பட்டறை முழுக்கப் பெருமை பேசி வைத்திருந்த அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "பேரை வெச்சு என்னப்பா பண்றது? ஆளு முக்கியம்" என்று அவளே சமாதானம் சொன்னாள்.

சேர்ந்த பிறகு தொட்டி கழுவினாள், முட்டை பொறுக்கினாள், நுண்ணோக்கியில் கண் எரிய எரிய உட்கார்ந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டில் டீக்குக் கூப்பிட்டார்கள். போனால் ஹாலெல்லாம் அட்டைப்பெட்டி. வாத்தியாரின் மனைவி கண்ணாடி டம்ளர்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, வீடு மாத்துறீங்களா?"

"ஊரே மாத்துறோம். உங்க சார் சொல்லலையா? பெரிய யுனிவர்சிட்டில போன வருஷமே வேலை உறுதியாயிடுச்சு. பையனுக்குக்கூட அப்பவே ஸ்கூல் பாத்து வெச்சுட்டோம்."

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டாள். அவள் வேண்டாம் என்று உதறிய அதே இடம்.

வாத்தியார் பின்வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் குழாயை மூடினார்.

"தெரிஞ்சேதான் கூப்பிட்டீங்களா சார்?"

"புது மாணவி இல்லேன்னா நான் கிளம்புறதுக்கு முன்னாடியே லேபை மூடிருப்பாங்க. மீனெல்லாம் போயிருக்கும். என் நிலைமையும் பாரும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்டியே."

எத்தனை இயல்பாகச் சொல்லிவிட்டார்! அவள் அடக்கமாட்டாமல், "அப்ப என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டும் விட்டாள். கேட்ட மறுகணமே தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"அங்க இடமெல்லாம் முடிஞ்சுபோச்சு. நீதானே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்ட?"

டீயைக் குடிக்காமலே கிளம்பினாள்.

வீட்டில் சொல்வதுதான் பெரும்பாடு. அப்பாவிடம் எதையும் மெல்லச் சொல்ல முடியாது. "என்னை ஏமாத்திட்டாருப்பா" என்றாள். "என்னது?" என்றார் அப்பா. திரும்பக் கத்தினாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு, "எனக்கு மொதல்லயே கேட்டுச்சும்மா. நீ தப்பா சொல்றியோன்னு நினைச்சேன்" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

வாத்தியார் நல்ல மீன்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். அதே துறையில், மீனைப் போலவே செல்கள் திரும்ப முளைக்கும் பறவைக் காதை ஆராயும் பேராசிரியை ஒருவர் இருந்தார். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். அவர் கதவைத் தட்டி, "மேடம், வேற ஊருக்குப் போற யோசனை ஏதாச்சும் இருக்கா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

"இந்த வயசுல என்னை எவன் கூப்பிடுவான்? உக்காரு" என்றார் அவர்.

பட்டம் வாங்க மற்றவர்களைவிட அவளுக்குக் கூடுதல் காலம் பிடித்தது. வாங்கினாள். இடையில் ஒரு கருத்தரங்கில் மீன் வாத்தியார் அவளிடம் கை நீட்டி, "என் பழைய மாணவி" என்று பக்கத்திலிருந்தவரிடம் அறிமுகப்படுத்தினார்.

"இல்ல சார், மேடத்தோட மாணவி" என்று சொல்லிவிட்டு, நீட்டிய கையைத் தொடாமல் நடந்தாள்.